நாணலுக்குள் யோகா அக்கா வெட்டிய வழி

அன்பு மருமகள் மிருணாளினிக்கு,

சிட்னி மாநகரின் மேற்கெல்லைக்கும் அப்பால், குளக்கரை இராச்சியத்திலிருந்து உன் மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா, என் யோகா அக்கா, நலம், குளத்துக் கறுப்பு அன்னங்கள் எங்கள் இருவரையும்விட நலம். ரொறன்ரோப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் உறைந்துபோகாமல் இருக்கவேண்டுமென்று போன கிழமை மேய்ஸ் ஹில் முருகனிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகை விளக்கீட்டன்று கரையில் கொஞ்சம் புகை என்று மட்டும் அம்மா உனக்குப் போனில் சொன்னாராம். கொஞ்சப் புகையோ! எங்கேயோ தூரத்துச் செவன் ஹில்ஸில் இருந்தவர்கள் அதைப் பார்த்து மழை வருகிறதென்று கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் எடுத்தார்களாம். ஆகவே உண்மையை மட்டுமே எழுதும் நான் முதலிலிருந்து சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர் கதிரையில் சாய்ந்திருப்பார் என்று பார்த்தால், உன் அம்மா ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டராய்ச் சேர்ந்ததும் போதாமல் குளத்துக் கமிட்டிக்குள்ளும் புகுந்தது உனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலம் அவர் கமிட்டியில் எழுந்து, வானத்தை முட்டி நிற்கிற நாணலுக்குள்ளால் தீயணைப்பு லொறி தண்ணீருக்குக் கிட்டப் போக ஒரு வழி வெட்டவேண்டும், பறவைகள் கூடு கட்ட முன்னமே வெட்டவேண்டும், படகுத் துறையைத் திருத்துகிற சாட்டில் கோடைக்கு முன் குளத்து நீரை இறக்கவும் கூடாது என்றார். அடுத்த வீட்டு அரியரத்தினம் அண்ணை, அதுதான் ஓய்வுபெற்ற இஞ்சினியர், பொங்கி எழுந்து, "என்ர வீட்டுக்கு முன்னால இருக்கிற பச்சைத் திரையைக் கிழிக்கப் போறியளோ தங்கச்சி?" என்று கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "லொறிக்கு வழியோ, முருகன்ர தேருக்கு வழியோ அக்கா?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தேன். அக்கா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வீடு வீடாய்ப் போய்க் கதைத்து, கவுன்சிலிடம் அனுமதி வாங்கி, அண்ணையின் வாசலை விட்டுத் தள்ளி வெட்டி முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்.

விளக்கீடு வந்தது, இங்கே கார்த்திகை என்றால் கோடையல்லவா. அன்றைக்கென்று அடுப்புக்குள் தலையை விட்டது போல ஒரு மேல்காற்று, மாநிலம் முழுக்க நெருப்புத் தடை. வெளியில் ஒரு திரியும் கொளுத்தவேண்டாம், விளக்கை உள்ளே வையுங்கள் என்று அக்கா காலையிலேயே தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். அரியரத்தினம் அண்ணை, "சாமி விளக்கும் நெருப்போ தங்கச்சி?" என்று சிரித்தார். பொழுதுபட, வேலி ஓரமாய்த் தடிகள் நட்டு, ஊரில் செய்வது போலவே சிட்டி விளக்குகள் வைத்துக் கொளுத்திவிட்டுக் கொழுக்கட்டை தின்ன உள்ளே போனார். ஒரு சிட்டியைக் காற்றுத் தட்டிவிட்டது. காய்ந்த புல் பிடித்தது, வேலி பிடித்தது, பிறகு நாணல்! பட்டுச் சேலையில் நின்ற உன் அம்மா மஞ்சள் உடுப்புக்குள் புகுந்த வேகத்தைக் கண்டிருந்தால் மின்னலே வெட்கப்பட்டிருக்கும். அவரும் படையிலுள்ள கிரண் தம்பியும் லொறியை அந்த வழியால் நேரே குளத்தடிக்கு இறக்கிப் பம்ப்பைப் போட்டார்கள். குளம் நிரம்பி இருந்ததால் தண்ணீர் பீறிட்டு வந்தது. நாணலைத் தின்றுகொண்டு வந்த நெருப்பு வெட்டிய இடத்துக்கு வந்ததும் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டது. வேலி போனது, வீடு தப்பியது. நானும் வீரத்தில் குறைவில்லை. அரியரத்தினம் அண்ணையின் மனைவியையும் கொழுக்கட்டைச் சட்டியையும் பத்திரமாக வெளியேற்றினேன்.

நெருப்பு அடங்கின பிறகு அண்ணை கரியான முகத்தோடு, ஏச்சு வாங்கத் தயாராய் நின்றார். அக்கா ஏசவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கயும் சுட்டதோ அண்ணை?" என்று மட்டும் கேட்டார். நான் இவ்வளவு காலமும் பகிடி பண்ணின பெண் எவ்வளவு பெரியவள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது பிள்ளை, இதில் மிகைப்படுத்தல் இல்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அண்ணையே எழும்பி, "என்ர வாசலுக்கு நேராயும் ஒரு வழி வெட்டுங்கோ" என்றார்.

இனித்தான் நான் எழுதுவதன் காரணம். படைத் தலைவர் ஊர் மாறிப் போகிறார், அந்த இடத்துக்கு எல்லோரும் உன் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பதில் சொல்லவேண்டும். அவருக்கு ஆசை, ஆனால் போன கோடையில் நீ போனில் அழுது, "ப்ளீஸ் அம்மா, இந்த வயசில உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொன்னதை நினைத்து, "பிள்ளை பயப்பிடும், வேண்டாமெண்டு சொல்லுவம்" என்கிறார். அவர் லொறியில் ஏறும் ஒவ்வொரு முறையும் நானும் முருகனைக் கூப்பிடுவேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று அவர் ஏறினதைக் கண்ட பிறகுதான் இந்தக் கரையில் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. ஆகவே ஞாயிறுக்கு முன் எடுத்துப் பேசு. எங்களுடைய காலை நேரத்தில் எடு, மத்தியானத்தில் அவர் பிடிபடமாட்டார். கவனம் என்று ஆயிரம் தரம் சொல்லு, அது உன் உரிமை. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. நீ ஓம் என்றால் அவரும் ஓம் என்பார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் வாழ முருகன் துணை நிற்கட்டும். வீட்டுப் புகை அலாரத்தின் பற்றரியை மாற்றினாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

என்றும் உன் நலம் நாடும்,
குளக்கரைப் பேரரசின் ஒரே குடிமகன்,
மாமா சிறிதரன்