தலைக்கு வாலு எழுதியது

ஜூன் 4

மாண்புமிகு தலைக்கு,

வாலு வணக்கம் வைக்கிறேன். கார்னரில் வந்த பந்தை நீ தலையால் முட்டிக் கோல் போட்ட படம் பேப்பரில் வந்திருக்கிறது. அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால்கூட உன் மண்டையைத் தரிசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நேற்று அதற்கு மீசை வரைந்தேன். "வயித்தெரிச்சல் புடிச்சவனே!" என்று கரண்டியோடு துரத்தினாள். உண்மைதான், எரிகிறது. நானும் அதே அணிதான். ஆனால் நீ ஆட முடியாமல் போனால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நீயோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய். பயிற்சி முகாமில் சாப்பாடு எப்படி? தலைக்கனம் கூடிவிட்டதா?

வயிறு எரியும்
வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலு,

தலைக்கனம் இல்லையடா, தலைவலிதான். பயிற்சி முடிந்ததும் கோச் என்னை மட்டும் நிறுத்தி, பந்து பந்தாகத் தூக்கிப் போட்டு முட்டச் சொல்கிறார். அப்புறம் காதுக்குள் வண்டு பறக்கிறது. கவலைப்படாதே, தப்பிக்க வழி வைத்திருக்கிறேன். இங்கே வந்ததுமே டாக்டர் ஞாபகச் சோதனை வைத்தார். அவர் வார்த்தைகளைச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே பாதியை விழுங்கிவிட்டேன். இனிமேல் மூளை கொஞ்சம் மங்கினாலும், அடுத்த சோதனை மார்க் பழைய மார்க்கோடு ஒத்துப்போகும். ஆடாதே என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தாயா, உன்னைவிடப் பெரிய வாலு நான்! அம்மாவிடம் மூச்சு விடாதே. நம் பூனை ஒழுங்காகப் பால் குடிக்கிறதா?

உன்
தலை


ஜூன் 20

தலைக்கு,

குறும்பிலும் என்னை முந்திவிட்டானே என்று முதலில் பொறாமையாகத்தான் இருந்தது. கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. பூனை போன கோடையிலேயே செத்துப்போயிற்று அண்ணா. குழி தோண்டியவன் நீ. நான் அழுததைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் நீ. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன்.

வாலு


ஜூன் 27

தம்பி,

பூனையைப் பற்றி ஏதோ அவசரத்தில் எழுதிவிட்டேன். அதை விடு. நான் வெளியே போனால் உள்ளே வரப்போவது யார்? நீதானே? சின்ன வயதில் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கினாய். இப்போது டாக்டரை வைத்துப் பிடுங்கப் பார்க்கிறாய். அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டால் பொறாமை இல்லை என்று ஆகிவிடுமா? அவரிடம் வாயைத் திறந்தால் எனக்குத் தம்பியே கிடையாது.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

சொல்லிவிட்டேன். பஸ் பிடித்து முகாமுக்கே வந்தேன். நீ மைதானத்தில் முட்டிக்கொண்டிருந்தாய்.

"உங்க அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லையேப்பா. வந்தப்ப எடுத்த அதே மார்க்தான் போன வாரமும்," என்றார் டாக்டர்.

"அதுதான் சார் குறை. அப்ப நடிச்சான். இப்ப நடிக்கல," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு கோச்சிடம் போய், உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன். "பைத்தியமாடா நீ?" என்றார். வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன். பாதி உனக்காக, பாதி நான் போடாமல் விட்ட அந்த அணிச் சட்டைக்காக. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நீ பந்தையே தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு எரியும்.

பதில் போட வேண்டாம். என்மேல் கோபமாகவே இரு. எத்தனை வயதானாலும் அதை மறந்துவிடாமல் இரு.

உன் தம்பி