குலுக்கல் கம்ப்யூட்டரைக் கவிழ்த்துக் காட்டக் கோரி

அனுப்புநர்:
பா. உஷா,
நைட்டி வியாபாரம் (நடைபாதை),
நீலசந்திரா, பெங்களூர்.

பெறுநர்:
திரு. சேஷகிரி அவர்கள்,
உதவி வருவாய் அதிகாரி,
வார்டு அலுவலகம், பெங்களூர்.

பொருள்: புதிய வணிக வளாகக் கடைகளுக்கான கம்ப்யூட்டர் குலுக்கலில் எனக்குக் கடை விழுந்தது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. எதிர் வீட்டு சுப்ரியா எழுதிய கன்னட நகலை இணைத்துள்ளேன்.

1. கடை கிடைக்காதவர்கள் புகார் கொடுப்பதுதான் வழக்கம். எனக்கோ பஸ் நிறுத்தத்தைப் பார்த்த மூலைக் கடை, எண் 1, கிடைத்திருக்கிறது. புகாரே அதுதான்.

2. குலுக்கல் அன்று தாங்கள் வருவதற்கு முன், கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த கம்பெனியின் ஆபரேட்டர், மெஷின் ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தார். திரையில் முதலில், அதாவது கடை எண் 1-க்கு, வந்தது என் விண்ணப்ப எண், 47. அதிர்ஷ்டம் ஒத்திகையிலேயே தீர்ந்துவிட்டதே என்று நொந்துபோனேன். பிறகு மெஷினை அணைத்தார். தாங்கள் வந்து விளக்கேற்றி, மெஷினைப் போட்டதும் மறுபடியும் 47. அதன் பின் வந்த எண்களும் முன்பு வந்த அதே வரிசை.

3. நடைபாதையில் என் பக்கத்தில் கீரை விற்கும் லட்சுமம்மா இரண்டையும் பார்த்தார். "யக்கா, யாரைப் புடிச்சே? எனக்கும் சொல்லக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. இது எப்படி நடந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபரேட்டரிடம் கேட்டேன், உள்ளே எழுதியிருப்பது அவருக்கும் தெரியாதாம். தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். புரோகிராம் கம்பெனியின் சொத்து, ஒப்பந்தப்படி அலுவலகமே திறந்து பார்க்கக் கூடாதாம். அப்படியானால் குலுக்குவது யார் ஐயா?

வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கை மகன் யுவன், இதில் திருட்டு இல்லாமலும் இருக்கலாம் என்கிறான். ஒரே மாதிரி அடுக்கிய சீட்டுக்கட்டை ஒரே மாதிரி கலைத்தால் அதே சீட்டுதானே மேலே வரும்? சில புரோகிராம்கள் மெஷினைப் போடும்போதெல்லாம் அப்படித்தான் கலைக்குமாம். ஆனால் எழுதியிருப்பதைப் படிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கத் திறந்தே வைத்திருக்கும் புரோகிராம்களும் உண்டாம். அப்படி ஒன்றை அவனும் நண்பர்களும் இலவசமாக எழுதித் தருவார்கள். அவன் என் சொந்தக்காரன், அவனையும் நம்ப வேண்டாம். எழுதியதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். தெரிந்தவர்கள் படித்துச் சொல்லட்டும்.

5. போன முறை குலுக்கலில் தாங்களே எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து, அடியில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் சீட்டுகளைப் போட்டீர்கள். தங்கள்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. காட்டுவது முறை என்பதால் காட்டினீர்கள். அன்று எனக்குக் கடை விழவில்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே, புரோகிராமைத் திறந்து காட்டியோ, அந்தக் குடத்தையே மறுபடி கொண்டுவந்தோ, குலுக்கலைப் புதிதாக நடத்தும்படி வேண்டுகிறேன். மழையில் நைட்டிகள் நனையாத ஒரு கடை வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு, அதை மறைக்கவில்லை. மறுபடியும் என் எண்ணே வந்தால், முதல் போணியை லட்சுமம்மாதான் செய்ய வேண்டும். அதுவரை சாவி தங்களிடம் இருக்கட்டும்.

நாள்: 17.02.2003
இடம்: நீலசந்திரா

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பா. உஷா

இணைப்பு: கன்னட நகல், கடை எண் 1-இன் சாவி (பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை).