நிறுத்த இடமில்லாத புத்தகம்

கோகிலாம்பாள் துணை

சுத்துக்கேணி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. அம்பாள் அருளால் நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனத்தின் நிலையை இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே அறிந்துகொள்வாய். பிரான்சில் குளிர் இறங்கிவிட்டது என்றாய், ஈரத்தலையோடு வெளியே போகாதே. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவில்லை என்று உன் அண்ணன் கலைவேந்தன் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறான். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அவர் கேட்கலாகாத செய்தி இதில் இருக்கிறது. ஆகையால் வில்லியனூர்க் கோயிலுக்குப் போகும்போது நானே தபாலில் சேர்க்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று புத்தகங்களும் வந்து சேர்ந்தன. அவருக்குப் பார்வை போனது முதல் மாலையில் விளக்கேற்றிப் பதிகம் பாடி முடித்ததும் நான் வாய்விட்டு வாசிக்க, அவர் கேட்பது வழக்கம் என்று உனக்குத் தெரியும். முதலில் அந்தப் பரிசு பெற்ற நாவலைத் தொடங்கினேன். உழவர் குடும்பத்துக் கதையாம். அத்தனை தடித்த புத்தகத்தில் ஒருவரும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சாவு, கடன், மறுபடியும் சாவு. உன் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா தனம், இவுங்க ஊர்ல பொங்கலே வராதா?" என்றார். எழுதியவர் எந்த வயலிலும் கால் நனைத்தவராகத் தெரியவில்லை. பழம்பாடல்களிலும் வறுமை உண்டு, மகளே. ஆனால் அங்கே வறியவனே வாய் திறந்து பேசுவான், அதையும் தலைநிமிர்ந்து பேசுவான். இந்நூலிலோ அவனுக்காக வேறொருவர் அழுதுகொண்டிருக்கிறார்.

இரண்டாவது அம்மன் கதையைச் சொல்லும் சித்திர நாவல். அதைத் திறந்ததும் என் உடம்பு எரிந்தது. அடுத்த வீட்டு ஜெயசித்ரா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா, சிவனுக்கு சிக்ஸ் பேக்கு வெச்சிகிறாங்க, நம்ம கோயில் குருக்கள் பாத்தா அவரும் ஜிம்முக்குப் போயிடுவாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவால் தொழுத உருவத்தைக் கண்காட்சிக்கு நிறுத்தியதுபோல் இருந்தது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போர் முடிந்தபின் அம்மன் தனியே குளத்தில் இறங்கிக் கை கழுவுகின்ற ஒரு பக்கம். அதில் எழுத்தே இல்லை. இதை எப்படி வாசிப்பது என்று திகைத்து, கண்டதை வார்த்தையாக்கி அவருக்குச் சொன்னேன். அவர் கைகூப்பினார். அந்த ஒரு பக்கம் பதிகத்துக்கு ஈடு.

மூன்றாவது நீயே எழுதி வரைந்த சித்திரப் புத்தகம். அச்சுக்குப் போகுமுன் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ அனுப்பிய படி. உன் அப்பா அன்று மாலை வழக்கத்துக்கு முன்பே கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அருள்மொழி, நம் வீட்டை ஏனடி குடிசையாக்கினாய்? தளம் போட்டபோது மாடிப்படிச் சிமெண்டில் நீ பதித்த கை இன்னும் அங்கே இருக்கிறது. என் புடவைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாய். எனக்கு வாயே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் நான் வாய் மூடியிருந்த நாள் எது என்று உன் அண்ணனைக் கேட்டுப் பார். அந்நாட்டார் நம்மைப் பார்த்து இரங்கினால்தான் உன் புத்தகம் விலைபோகும் என்று யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா, நீயே கற்றுக்கொண்டாயா?

என் கோபம் என்னோடு போகட்டும். அவரை எப்படி வரைந்திருக்கிறாய்? கண்களை மூடி, மூலையில் குந்தவைத்து, மார்புவரை தாடி. ஒரு வரியை விட்டு வாசிப்பது பாவம் என்று வளர்ந்தவள் நான். ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தாடி வெச்சிட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தினி நாள் தாடி?" என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கண் போன பிறகும் தினமும் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் சவரம் செய்கிறார், அது பழக்கமில்லை, மரியாதை. போன பொங்கலுக்கு வந்தபோது நீயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாய். கண்ணாடி எதுக்குப்பா என்று நீ கேட்டதற்கு, "நான் பாக்கலைன்னா இன்னா, அது என்னைப் பாக்குதுல்ல" என்று அவர் சொல்ல, நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் புத்தகத்தில் எங்கே?

வாசிப்பை அமங்கலமான இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது நம் வழக்கம். சாவிலோ பிரிவிலோ நிறுத்தாமல், நல்லதாக ஓர் இடம் வரும்வரை தள்ளிப் போய்த்தான் ஏட்டைக் கட்ட வேண்டும். அன்று அப்படி ஓர் இடம் வருமென்று பக்கம் பக்கமாகப் போனேன். இரக்கமில்லாதவளே, நீ ஓரிடம்கூட வைக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கே வந்துவிட்டேன். அதிலும் எழுத்தில்லை. திறந்த கதவு, வெற்று வாசல், யாரும் வராத தெரு, உள்ளே மூலையில் அதே தாடி மனிதர். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, "கடைசில இன்னா போட்டுகிறா?" என்று கேட்டார்.

நூலில் இல்லாத ஒரு சொல்லை இத்தனை ஆண்டுகளில் நான் சேர்த்து வாசித்ததில்லை. அன்று சேர்த்தேன். அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்கிறார், தாடி போய்விட்டது, மகள் பின்னால் நிற்கிறாள், இருவர் முகமும் கண்ணாடியில் தெரிகிறது என்றேன். அவர் மறுபடியும் மோவாயைத் தடவிப் பார்த்தார். பிறகு, "துண்டு எந்தத் தோள்ல போட்டுகிறா?" என்றார். வலது தோளில் என்றேன். "ஞாபகம் வெச்சிகிறா பாரு" என்று எழுந்து போய்விட்டார். அம்பாளுக்கு விளக்கேற்றிய இடத்திலேயே என்னைப் பொய் சொல்ல வைத்தவள் நீ.

மறுநாளே டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், எம் பொண்ணு என்னைக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சி வரைஞ்சிகிறா என்று. புத்தகம் அச்சாகி வந்ததும் ஜெயசித்ராவின் கையில் கொடுத்து அந்தப் பக்கத்தை இன்னொருமுறை சொல்லச் சொல்வார். அவள் உள்ளதைத்தான் சொல்வாள். அப்போது அவர் என் வாசிப்பை இழப்பார், உன்னையும் இழப்பார். குடிசையை வைத்துக்கொள், என் வாயைத் தைத்தே வைத்துக்கொள், வாதாடவில்லை. அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் நான் வாசித்தபடி இருக்க வேண்டும். நான் படித்துவிட்டேன், இனி நீ வரைந்தே ஆக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்பாள் உன் கைக்கும் கண்ணுக்கும் துணையிருப்பாள். கோபத்தோடு எழுதினாலும் இது ஆசீர்வாதம்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
தனக்கொடி தணிகைவேல்

துண்டு வலது தோளில். மறந்துவிடாதே.