இரண்டு பேர் கூடாரம்

இன்று காலை தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் மழையில் நனைந்த கித்தானை உதறினார். அந்த மெழுகும் மக்கலும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும், வாங்க வந்த கத்தரிக்காயை மறந்து உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனியாவது சொல்லிவிட வேண்டும்.

அறுபத்தொன்பது ஐப்பசி. ஏற்காட்டில் நம் திருச்சபைப் பெண்களுக்கு ஐந்து நாள் முகாம். இருவருக்கு ஒரு கூடாரம், அவரவரே கொண்டுவர வேண்டும். பீச் ரயிலேறி ஆபீசில் டைப் அடித்துவிட்டுத் திரும்புவதைத் தவிர எங்கும் போயறியாத நாம் இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம். உன் அம்மா மசியவில்லை. "கூடாரத்தை இங்க போட்டுக் காட்டுங்க. மழையில ஒரு மணி நேரம் நான் உள்ள உக்காருவேன். ஒரு சொட்டு விழுந்தாலும் ரெண்டு பேரும் வீட்லயே இருங்க" என்றார். உன் அப்பா தவறியபின் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பல்லாவரத்தில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்ற கடையில், ஒவ்வொரு கித்தான் கூடாரத்துக்குள்ளும் தலையை விட்டு வெயில் எங்கே ஊசி குத்துகிறது என்று தேடினாய். "இன்னாம்மா, கல்யாணப் புடவ கணக்கா பாத்துகினு கீறே?" என்றார் கடைக்காரர். நான்காவது தேறியது. "மழையில உள்ளேந்து துணிய தொடாதம்மா. தொட்ட எடம் ஒழுகும், பேஜாராப் பூடும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை உங்கள் தோட்டத்தில் கயிற்றையெல்லாம் விறைப்பாக இழுத்துக் கட்டி, பெருமையாக நின்றோம். மழை வந்ததும் கயிறு நனைந்து சுருங்கி முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. கூடாரம் நம் தலைமேல் படுத்துக்கொண்டது. "ஏற்காட்லயும் இப்படித்தானா?" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி மறுநாளுக்குத் தவணை வாங்கினாய்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வானம் கறுத்தது. கயிற்றைத் தளர்த்தித் தளர்த்திக் கட்ட நான் வெளியே; பலகை போட்டு உன் அம்மா உள்ளே. எனக்குக் கயிற்றைவிட அவர் விரலைப் பற்றித்தான் பயம். இட்லி வெந்ததா, துணி காய்ந்ததா, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவர். துணி நனைந்ததா என்று தொடாமல் இருப்பாரா? நீ யோசிக்கவே இல்லை. ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரையை அவர் மடியில் போட்டு, "சும்மாதானே உக்காந்திருக்கே, ஆய்ஞ்சு குடும்மா" என்றாய். இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை விட்டும் அவர் வெளியே வரவில்லை. "இன்னொரு கட்டு இருந்தா குடு" என்றார். பிறகு, "இதுல எத்தனை பேர் படுக்கலாம்?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றாய். "சரி, போய்ட்டு வாங்க" என்றார். நீ குதித்தாய். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நின்றவள், யாரும் சந்தேகப்படவில்லை. நானும் போகமாட்டேன் என்று நீ அழுதாய். "டென்ட் வீணாப் போகுமே, அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்று போர்வைக்குள்ளிருந்து முனகினேன். உன் அம்மா வந்து நெற்றியில் கைவைத்தார். சில்லென்றுதான் இருந்திருக்கும். "ஆமா, நல்லாக் கொதிக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் அவரும் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருடம் உனக்குக் கல்யாணமாகி நீ திருச்சிக்குப் போய்விட்டாய். நாம் சேர்ந்து எங்கும் போகவே இல்லை. உன் அம்மாவோ இருந்தவரை ஏற்காடு, ஏற்காடு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். செய்ததற்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஐந்து நாள் உன் பக்கத்தில் படுத்து மழை கேட்டவர் அவர், நானில்லை. எழுபத்தைந்து வயதுக்கு மேலும் உன் அம்மாமேல் எனக்குப் பொறாமை தீரவில்லை.