குழாய்க் கணக்கில் உங்கள் பத்தி

அன்புள்ள அக்கா,

இன்று காலை சின்ன மீட்டிங் அறையின் இழுப்பறையில் கிளிப் தேடினேன். உங்கள் தைலப் புட்டி கையில் பட்டது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க நீங்கள்தான். ஆடிட் மாதங்களில் நெற்றியிலும் கழுத்திலும் அதைத் தேய்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணெரிந்து எழுந்து போவார்கள்; நீங்கள் கண்டுகொள்ள மாட்டீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே யாரோ பிரிண்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெல்பர்னில், மண்ணுக்கடியில் எண்ணெய் கொண்டுபோகும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன் என்று திருச்சியில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னால், "பைப்புல போற எண்ணெய்க்கு என்னடி அவ்வளவு கணக்கு?" என்பாள். எவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்தது நீங்கள். குழாய் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும், அது காலியாகாமல் இருக்க எப்போதும் உள்ளேயே கிடக்கும் எண்ணெய்க்கு என்ன மதிப்பு, ஒருநாள் எல்லாம் முடிந்தபின் நிலத்தைப் பழையபடி ஆக்க என்ன செலவாகும். மத்திய அரசுக்கு வருடா வருடம் போகும் நிதி அறிக்கையில் இத்தனையும் வர வேண்டும்.

அறிக்கை போகும் முன் அதை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். கொழும்பில் நீங்கள் வேலை பழகிய ஆடிட் ஆபீஸின் வழக்கமாம். நீங்கள் வாசிப்பீர்கள், நான் மூலக் கணக்கைப் பார்த்து டிக் போடுவேன். அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் வாசித்தால் தூக்கம் வருகிறது என்றீர்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே போகிறவர்கள், நாம் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்து அடி மேல் அடி வைத்து நடப்பார்கள். நீங்கள் இலட்சம் இலட்சமாக வாசித்துக்கொண்டே போனதில், ஒரு தடவை என் கை ஊர்ப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. திருத்திய பக்கம் முழுவதும் கமாக்களை இலட்சத்துக்கும் கோடிக்கும் போடுகிற இடத்தில் போட்டு மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தக் கமாக்களெல்லாம் எங்கே கிளம்பிப் போகின்றன என்று கேட்டார்.  நீங்கள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, குற்றத்தில் பாதி வாசித்தவளுடையது என்று அவரிடம் சொன்னீர்கள்.

உங்கள் பேச்சுக்குப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது. "நீர்" என்று என்னைக் கூப்பிட்டபோது ஏதோ விசாரணையில் நிற்பதுபோல இருந்தது. பத்தியைப் பந்தி என்பீர்கள். எங்கள் ஊரில் பந்தி என்றால் இலை போட்டுவிடுவார்கள் என்று நான் கேலி செய்வேன். நம் இருவர் வீடும் இருக்கும் வெரிபீயிலிருந்து ரயிலில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பிய அந்த நேரம்தான் மெல்பர்னில் எனக்கு வாய்த்த பிறந்த வீடு.

அறிக்கையில் நீங்கள் எழுதிய அந்தப் பத்தியைப் பற்றித்தான் எழுத வந்தேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை மூடியபோது அதற்குப் போன குழாயும் ஓய்ந்துவிட்டது. அது இன்னும் பண்ணை நிலங்களுக்கு அடியில் கிடக்கிறது. நிலத்தைச் சீராக்கும் செலவுக்கு ஒரு தொகையும் ஒரு வரி விளக்கமும் போதும் என்று மேனேஜர் சொன்னார். நீங்கள் ஒரு முழுப் பத்தி எழுதினீர்கள். மண் பரிசோதனை பாதித் தூரத்துக்குத்தான் நடந்திருக்கிறது, மீதி நிலத்தில் என்ன கசிந்திருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது, ஆகவே இந்தத் தொகை மாறலாம். அவ்வளவுதான். ஆனால் "தெரியாது" என்று எந்தக் கம்பெனி ஆசையோடு எழுதும்? வாரக்கணக்கில் வாதாடி அதை வைத்தீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று ரயிலில் கேட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மன்னாரில் உங்கள் குடும்பக் காணியைச் சண்டை முடிந்து பல வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். உங்கள் அப்பா சந்தோஷமாக வேலிக்குக் கட்டை நடப் போனாராம். கண்ணிவெடியில் ஒரு பாதம் போய்விட்டது.

"காணியைத் திருப்பித் தாறம் எண்டு வடிவா எழுதித் தந்தவை. அதுக்குள்ள என்னத்தை விட்டிட்டுப் போறம் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை," என்றீர்கள்.



போன வருடம் உங்களுக்குப் புற்றுநோய் வந்தது. கணையத்தில் என்றார்கள். நான் இணையத்தில் தேடி வாசித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்தேன். சிகிச்சைக்கு நடுவிலும் அறிக்கையை விடமாட்டேன் என்றீர்கள். கடைசி வாசிப்பு உங்கள் வீட்டுக் குசினி மேசையில் நடந்தது. உங்கள் கணவர் மூன்று பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, நீங்கள் குடிக்கவில்லை என்று தெரிந்தும் தெரியாதவர்போல ஆறிய கோப்பையை எடுத்துப் போய்ப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தார். உங்களுக்குக் குரல் எழும்பவில்லை. அன்று நான் வாசித்தேன், நீங்கள் டிக் போட்டீர்கள். அந்தப் பத்தி வந்ததும் கையைத் தூக்கி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன்.

"இதை எடுக்க விட்டிடாதையும், பிள்ளை," என்றீர்கள்.

சரி என்றேன். அடுத்த வருடமும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்றும் சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை, என் முகத்துக்காக மறுக்காமல் விட்டீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு தேவாலயத்தில், உங்கள் பெட்டிக்கு முன்னால், எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் கடைசி வரிசையில் முடியும்வரை இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா.

இன்று மதியம் அவரிடமிருந்து இந்த வருட வரைவு திரும்பி வந்தது. உங்கள் பத்தியின் மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தார். நான் எழுந்து அவர் அறைக்குப் போனேன். நான் சத்தம்போடத் தெரியாதவள், வீட்டுக் கடனை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டே பதினொரு வருடம் ஓட்டியவள், உங்களுக்குத் தெரியும். பரிசோதனை இன்னும் முடியவில்லையே, பிறகு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இதை எழுதியவர் இப்போது இல்லை, ஆடிட்டர் நாளைக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான்.

நீங்கள் போனதிலிருந்து அந்தக் குழாயைப் பற்றி யார் கேட்டாலும், அது அக்காவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் லீவில் போயிருப்பதுபோல. இன்றும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நான் பதில் சொல்கிறேன் என்றேன். கோப்பு முழுவதையும் வாசித்திருக்கிறேன், என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.  அவர் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டார்.

ஜெயித்துவிட்டு வந்தவள் லிஃப்டுக்குள் நின்று அழுதேன், அக்கா. இத்தனை மாதமும் நான் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று நானே சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லை. இனி உங்களிடம் கேட்க முடியாது.

இதை வெரிபீ ரயிலில் எழுதுகிறேன். எஞ்சினியர்களின் அறிக்கைகள் என் மடியில் இருக்கின்றன. கனமாகத்தான் இருக்கிறது. கேள்வி வந்தால் பதில் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.