இரவல் அட்டை

டெஸ்கர் ரோடு, சிங்கப்பூர்
4.3.1964

அன்புள்ள சாகுல் அண்ணனுக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே சந்திரமதியும் பிள்ளைகளும் சுகம். நான்தான் சரியில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வண்டிகள் வந்துவிட்டன. முப்பது பேர் தூக்கியதை ஒரு வண்டி பீடி பற்றவைக்கும் நேரத்தில் அடுக்கிவிடுகிறது. எங்கள் கும்பல் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு ஓராண்டு உதவித்தொகையும், அந்த வண்டியையே ஓட்டப் பயிற்சியும் உண்டாம். ஆனால் வேலை அட்டையில் இருக்கும் பெயருக்குத்தான்.

அட்டையில் உங்கள் பெயர். 1952இல் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் என் இடத்தைப் பார்த்துக்க" என்று கொடுத்தீர்களே, அதே அட்டை. பன்னிரண்டு வருஷமாகத் துறைமுகத்தில் நான்தான் சாகுல். அடையாள அட்டையிலோ வேலாயுதம். 30ஆம் தேதி இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்தது நான்தான் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அண்ணே. விலாசம் கீழே. உங்களை விட்டால் எனக்கு வேறு யார்?

உங்கள் தம்பி,
வேலாயுதம்


நாகூர்
15.3.1964

வேலாயுதத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1955இல் குணமாகி, திரும்பி வருகிறேன் என்று உனக்கு எழுதினேன். "துறைமுகத்தில் வேலையே இல்லை, வராதீர்கள்" என்று பதில் போட்டாய். நம்பினேன். திரும்பி வரும் அனுமதியின் கெடுவும் முடிந்துபோனது. இன்று, பன்னிரண்டு வருஷம் இடைவிடாமல் வேலை செய்தேன் என்று நீயே எழுதுகிறாய்.

அப்போது வேலை இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல். என்னிடமிருந்து வேறு எதையும் எதிர்பார்க்காதே.

சாகுல் ஹமீது


சிங்கப்பூர்
31.3.1964

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலை இருந்தது. ஆள் பற்றாமல் இரண்டு ஷிப்ட் பார்த்த காலம் அது. சந்திரமதிக்கு அப்போது ஏழாம் மாதம். நீங்கள் வந்தால் அட்டை போய்விடும் என்று பயந்து பொய் எழுதினேன். என்னை மன்னிப்பீர்களா?

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். மறைத்து எதுவும் பேசுவதில்லை, ஜெயில் என்றாலும் சரி என்று முடிவு செய்துதான் போனேன். "வேலாயுதம்" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். சாகுல் என்று கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். "என்ன லா, உங்க பேரு உங்களுக்கே தெரியாதா?" என்று அதிகாரி கேட்டார். அவர் கையில் நாகூர் முத்திரையோடு ஒரு கடிதம்.

படித்துக் காட்டினார். "பெயர்தான் என்னுடையது. மூட்டை சுமந்தது வேலாயுதத்தின் முதுகு. உதவியும் அவருக்கே சேர வேண்டும்." எனக்கு எழுதிய அதே தேதி! அங்கேயே அழுதுவிட்டேன், அண்ணே. அட்டையை வாங்கிக்கொண்டு எச்சரித்தார்கள். உதவி உண்டு. திங்கட்கிழமை முதல் பயிற்சி.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வேலாயுதம்


நாகூர்
12.4.1964

வேலாயுதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உழைத்தவனுக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்றுதான் அலுவலகத்துக்கு எழுதினேன். அது நியாயம். மன்னிப்பு வேறு. அது என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வண்டியைக் கவனமாக ஓட்டு. பிள்ளைகளுக்கு என் துஆ. இனிக் கடிதம் வேண்டாம்.

சாகுல் ஹமீது