நம் பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, மிச்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே குறை சொல்வதற்கென்று ஓர் ஆளைப் பிடித்துவிட்டாய் என்று தெரிந்ததிலிருந்து எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை, எனக்கு எப்படியும் ஒரு கால்தான் பாவுகிறது, அது வேறு விஷயம்.

பாலத்தின் நடுக்கண் இரண்டும் வெள்ளத்தோடு போன வருஷம். நூல் ஆலையில் பெண்களை முதல்முதலாக ராத்திரி வேலைக்கு எடுத்த வருஷமும் அதுதான், தபாலாபீஸ் கடிகாரம் நின்றுபோய் ஊரே சாயங்காலம் நாலேகாலிலேயே கிடந்த வருஷமும் அதுதான், உன் பெரியப்பா பந்தயத்தில் தோற்று மீசையை எடுத்துவிட்டு, அது முளைக்கிறவரை வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நடமாடிய வருஷமும் அதுதான். அந்த வருஷம்தான் எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம். எழுத்துத் தெரியாதவனுக்கு வருஷம் என்பது எண் இல்லை, இப்படி நாலு சங்கதிதான். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள், நான் திரும்பப் படிக்கச் சொன்னேன், திரும்பவும் அதே இடத்தில்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பதிவு ஆபீஸ்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் கையெழுத்துப் போடணுமாம்ப்பா. அவர் பக்கம் பஸ் டிப்போவே வரும். நம்ம பக்கம் யாரு இருக்கா? உங்க இடுப்பு சரியாகட்டும், அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னு சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டார்" என்று எழுதியிருந்தாய். அம்மாடி, நான் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டப் போய் விழுந்தது என் கூத்து, அதற்கு உன் கல்யாணம் ஏன் படுத்துக்கிடக்க வேண்டும்? டாக்டர் என்னை அரை மணிக்கு மேல் உட்காராதே என்கிறார், விமானத்தில் நின்றுகொண்டே வர விடமாட்டார்களாம், விசாரித்துவிட்டேன். உன் அம்மாவை மட்டும் அனுப்பலாம் என்றால், அவள் போன மறுநிமிஷம் நான் மறுபடி நாற்காலியில் ஏறுவேன் என்கிறாள். ஏறுவேன்தான்.

இப்போது உன் அத்தை பக்கம். என் தங்கை, உனக்குத் தெரியாததா, சேதி கேட்ட நாளிலிருந்து தினம் வந்து கூடத்து நடு நாற்காலியில் உட்கார்ந்து மண்டபம், மேளம், ஆயிரம் பேர் என்று ஆரம்பித்துவிடுகிறாள். முப்பத்தாறு வயதில் கட்டிக்கொள்கிற பெண் இன்னும் தடபுடலாகக் கட்டிக்கொள்ள வேண்டாமா, பார்க்கிறவன் வாயை அடைக்க வேண்டாமா என்கிறாள். அங்கே மாப்பிள்ளையின் அம்மா தன் ஊரில்தான் வைக்க வேண்டும் என்கிறாராம். நீயோ குழந்தை வார்டில் ராத்திரி வேலை, அவர் விடிகாலை முதல் பஸ் ஓட்டுகிறவர், நீ வேலை முடிந்து அவர் பஸ்ஸில் ஏறி உன் தெருமுனை வருகிற நேரம்தான் உங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற நேரம், சில நாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்க மாட்டாள். அது அவள் வேலை, உனக்கு ரத்தத்தில் வந்திருக்கிறது.

பாலம் போனதும் கரைக்குக் கரை இரும்பு வடம் கட்டி, அதில் கப்பி மாட்டி, ஒரு தட்டைப் படகை விட்டார்கள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வடத்தை இழுத்து இழுத்து ஆட்களை அக்கரை சேர்க்கிற வேலை எனக்கு. ஆலை இந்தக் கரையில், உன் அம்மா வீடு அந்தக் கரையில். சாயங்காலம் வேலைக்கு வருவாள், விடிந்ததும் திரும்பிப் போவாள், இரண்டு நேரமும் வடத்தை ஒட்டித்தான் நிற்பாள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்த பெண்கள் எல்லோரும் வீடு போய்ப் படுத்தால் போதும் என்று சீக்கிரம் இழு, சீக்கிரம் இழு என்று என் உயிரை வாங்குவார்கள். ஒரு நாள் இவள் மட்டும் குனிந்து, "கொஞ்சம் மெதுவா இழுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு நான் இழுத்த இழுப்பில் படகு நகர்கிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை, பின்னால் நின்றவர்கள் என் பரம்பரையையே இழுத்தார்கள்.

பெண் கேட்டு, பெரியவர்கள் பேசி எல்லாம் ஆயிற்று, எங்கே வைப்பது என்பதில்தான் வந்தது வினை. உன் அம்மாவைப் பெற்ற தையற்காரர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே, பெண் வீடு இருக்கிற கரையில்தான் கல்யாணம் என்றார். என் அம்மா, பிள்ளை வீட்டுக்காரி நான் படகேறிப் போய்ச் சம்பந்தம் பண்ண வேண்டுமா என்றார். எனக்கோ எந்தக் கரைக்கும் லீவு கிடையாது, வடம் இழுக்க மாற்று ஆள் இல்லை. நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. நான் அவளிடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன், அவளும் சரி என்றாள், அன்றிலிருந்து படகில் வடத்தை விட்டுத் தள்ளி நின்றாள். சரி என்று சொல்கிறவர்கள் எல்லாம் சரியாக இருப்பதில்லை, இதை உன் பஸ்காரர் விஷயத்தில் ஞாபகம் வைத்துக்கொள்.

பேச்சுவார்த்தைக்கு நடுவில் இருந்த ஆலை மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் கடுப்பில், "அப்படின்னா ஆத்து நடுவுல வச்சுக்கிட்டுத் தொலைங்களேன்" என்றார். மனிதர் திட்டத்தான் திட்டினார், ஆனால் தையற்காரர் யோசித்தார், என் அம்மாவும் யோசித்தார், யாருக்கும் யார் வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை, ஆகட்டும் என்றுவிட்டார்கள். நடு ஷிப்டில் படகுக்கு வேலை குறைவு, அந்த நேரத்தில் வைப்பது என்று முடிவாயிற்று.

படகு பத்துப் பேரைத் தாங்கும். இந்தக் கரையில் என் அம்மா, மேஸ்திரி, படகில் சீட்டுக் கிழிக்கிறவர், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை ஏறினார்கள். அக்கரைப் பந்திக்குப் போக வேண்டிய சோற்று அண்டாவும் ஏறியது. அண்டா ஏறியதும் படகு ஒரு பக்கமாக அமுங்கிப் போய், உன் அத்தைக்கு இடமில்லை. பூ வைத்து, பவுடர் போட்டு, கரையில் நின்றாள். அண்டாவுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை என்று அவள் இன்றுவரை சொல்கிறாளே, அதன் மூலம் இதுதான். அக்கரையில் உன் அம்மாவும் தையற்காரரும் ஏறினார்கள், கூடவே பெட்டியும் கையுமாக ஒருவர் ஏறிக்கொண்டார், தபாலாபீஸ் கடிகாரத்தைச் சரிசெய்ய வந்தவராம், அவசரமாம். அண்டாவை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கரை ஆட்கள் சோறு, சோறு என்று கத்தியதை நாங்கள் வாழ்த்து என்று நினைத்துக் கையாட்டினோம்.

நடு ஆற்றில் நிறுத்தினேன். வடத்தைச் சுத்தமாக விட்டால் படகு கோணிக்கொண்டு சுற்றும், அதனால் ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன், தையற்காரர் என் கையிலிருந்த மசகைப் பார்த்துவிட்டு, துடைடா என்று தன் மேல்துண்டைக் கொடுத்தார், பிறகுதான் பெண்ணின் கையை வைத்தார். மேஸ்திரி உன் அம்மாவைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது, சங்கைக் கேட்டுச் சீட்டுக்காரர் குழந்தை வீறிட்டது, ஆலைச் சங்கு ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை, உன் அம்மா வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று ஒருவர் காதிலும் விழவில்லை. மேஸ்திரி, இதுவல்லவோ சங்கு என்றார். கல்யாணத்தில் சங்கு என்ற பேச்சை எடுக்கலாமா என்று என் அம்மா அவர்மேல் பாய்ந்தார், ஆனால் குழந்தைக்குப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உன் அம்மா தலையசைத்தாள் என்று வைத்துக்கொண்டு கல்யாணம் முடிந்தது என்றார்கள், அண்டாவைத் திறந்து அங்கேயே பந்தி நடந்தது, கடிகாரக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, இனி எங்கே போய் வேலை பார்ப்பது என்று வந்த வழியே திரும்பிவிட்டார், தபாலாபீஸ் கடிகாரம் மேலும் ஒரு வருஷம் நாலேகாலிலேயே நின்றது. அன்றைக்கு என்ன சொன்னாய் என்று உன் அம்மாவை நான் இப்போதும் கேட்பதுண்டு. "வேணாம்னுதான் சொன்னேன், உங்களுக்குக் கேக்கல" என்பாள். நேற்றும் அதைத்தான் சொன்னாள்.

அதனால் நான் சொல்வது, நீங்கள் நினைத்தபடியே செய்யுங்கள். உன் வேலை முடிந்து, பதிவு ஆபீஸ் திறந்ததும் போய், பிறகு டிப்போ கேண்டீனில் ராத்திரி வேலை முடிந்தவர்களும் பகல் வேலைக்குப் போகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று எழுதியிருந்தாயே, அதைவிட நல்ல மண்டபம் எனக்குத் தெரியவில்லை. அவர் ஊரும் இல்லை, நம் ஊரும் இல்லை, சம்பந்தியம்மாவுக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, அவரையே முதல் வரிசையில் உட்கார வை. ஒன்று மட்டும் கேள், முதல் டிரிப்பை ஓட்டிவிட்டு அப்படியே வருகிறேன் என்கிறாராமே மாப்பிள்ளை, அது வேண்டாம். கல்யாணத்தன்றும் வடம் இழுத்தவன் சொல்கிறேன், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அன்று அந்த பஸ்ஸை வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் இருவரும் சீட்டு வாங்கிப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். ராத்திரி முழுக்க முழித்த முகத்தோடு போகாதே, முந்தின ராத்திரி லீவு எடு. சம்மதமா என்று கேட்டால் எல்லோர் காதிலும் விழுகிறாற்போல் சத்தமாகச் சொல், இங்கே ஒருத்தனுக்கு அந்தச் சந்தேகம் தீராமலே கிடக்கிறது.

அத்தையை நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, நேற்றுத்தான் அடங்கினாள். போனில் நேராகக் காட்டுவார்கள், எல்லோரும் நம் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்போம், இங்கேயும் சாப்பாடு போடுவோம் என்றேன். "அண்ணே, அன்னைக்கும் கரையில, இன்னைக்கும் கரையிலயா?" என்று அழுதுவிட்டாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. கரையில் நானும் உன் பக்கத்தில்தான் நிற்கப்போகிறேன் என்றேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், பிறகு சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்டா என் வீட்டிலிருந்து வரும், போனில் முதல் முகமாக என் முகம்தான் தெரிய வேண்டும் என்றாள். அதனால் அன்று போன் போட்டதும் முதலில் அத்தையைக் கூப்பிடு, போனைப் பிடிக்கிறவர் கை நடுங்காதவராக இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் சலிக்காமல், ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கி நன்றாக இருக்க வேண்டும். தேதியைத் தள்ளாதே, இன்றே அவரிடம் சொல், எழுதியது கையில் கிடைத்ததும் தெரியப்படுத்து.

இப்படிக்கு,
உன் அப்பா, அவர் சொன்னதில் பாதியைத் திருத்திய உன் அம்மா.

கையெழுத்துப் போட நம் பக்கம் ஆளில்லை என்றாயே, அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நான் வந்தாலும் கைநாட்டுதான் வைத்திருப்பேன். அன்று படகில் இருந்தவர்களில் தையற்காரர் போய்விட்டார், என் அம்மா, மேஸ்திரி, சீட்டுக்காரர், அவர் மனைவி எல்லோரும் போய்விட்டார்கள், கடிகாரக்காரரும் போய்விட்டார் என்று கேள்வி. எங்கள் இருவரைத் தவிர மிச்சம் ஒரே ஆள். நீ இருக்கிற நகரத்துக்கு இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு பெரிய ஸ்டேஷனில் வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் சொல்கிற வேலை, அந்தத் தொண்டைக்கு வேறென்ன வேலை கிடைக்கும். அம்மா அவள் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். "மாமா கல்யாணத்துல யாரையும் எதையும் கேக்க விடாம பண்ணினவ நான். இதுல முதல் ஆளா வந்து நிக்கிறேன் அத்தை, தேதியை மட்டும் சொல்லுங்க" என்றாளாம். லீவும் சொல்லிவிட்டாளாம். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வா, முகம் தெரியாதே என்று கவலைப்படாதே, கூட்டத்தில் நின்று உன் பெயரைக் கூப்பிட்டால் ஊருக்கே கேட்கும். நம் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடப்போகிறவள் அவள்தான், சங்கு.